படம் சுருங்கும்போது

அந்தத் திங்கட்கிழமை காலை அப்பாவின் பழைய மைவி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன், அதுவும் இல்லை. புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்வாசலில் கைலியோடு நின்றுகொண்டிருந்த அப்பா, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்ன கேமராவைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மாட்டியவன் நான்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் மின்பொறியியல் படித்தவன்.

"ராத்திரி பூரா ஓடுச்சா இது?"

"ஆமாப்பா. வண்டி நிக்கறப்பவும் பதிவு பண்ணும்."

"கட் இல்லயா?"

இல்லை. மலிவாகக் கிடைத்த, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் ஒரு சின்னக் கருவியை வாங்கி, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒரு பியூஸில் நேராகக் கோர்த்துவிட்டிருந்தேன். கணக்கு ரொம்பச் சாதாரணமானது. கேமரா இழுப்பது சுமார் 0.35 ஆம்பியர். வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம். பெருக்கினால் 21 ஆம்பியர்-மணி. அந்தக் காரின் பேட்டரி புதிதாக இருக்கும்போதே 35தான், இதற்கு வயது மூன்றாகிறது. பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வி. வீட்டில் கோட்டை விட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "படம் சுருங்க ஆரம்பிச்சா தாத்தா டிவிய அடச்சிருவாரு. உன் கேமராவுக்கு அந்த அறிவுகூட இல்லயே ஐயா" என்றார். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போட்டுக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

படம் எப்படிச் சுருங்கும்? எனக்குப் புரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். இந்தக் கட்டுரை அங்கேதான் ஆரம்பித்தது.

கேமரா ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, லயமும் இல்லை. செம்பனைக்கு நடுவில் முனியாண்டி கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து பூசை போடுவார்கள். போன வருடம் அங்கிருந்து திரும்பும்போது, செம்மண் சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தில் ஒரு லோரி வந்து அப்பாவின் காரை இடித்தது. அப்பா நின்று பார்த்துத்தான் எடுத்தேன் என்கிறார். நிற்காமல் வந்தார் என்றார் லோரி ஓட்டுநர். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் இருவரும் கொடுத்தாகிவிட்டது. சாட்சி யாரும் இல்லை. பக்கச் சாலையிலிருந்து வந்தவர் அப்பாதான், அதனால் தவறும் அவர் மேலேயே முடிந்தது. அபராதத்தைவிட இன்னொன்றுதான் அவரைக் குடைந்தது. "நான் சொன்னத எழுதினாங்க. ஆனா யாரும் கேக்கல." அவர் வாயால் அதற்குமேல் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் டேஷ்கேம் வாங்கினேன்.

இப்போது டிவி.

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. அப்பாவின் தோட்டத்து லயத்தில் முதல் பெட்டி வந்தது எழுபதுகளின் கடைசியில், தாத்தா வீட்டுக்கு. கறுப்பு வெள்ளை, சின்னத் திரை. பின்பக்கம் இரண்டு துளை: ஒன்று வீட்டு மின்சாரத்துக்கு, மற்றது 12 வோல்ட் பேட்டரிக்கு. இரண்டாவதுதான் தாத்தாவுக்கு முக்கியம். அந்தக் காலத்தில் கம்பத்து மலாய்க்காரர் வீடுகளிலும் தோட்ட லயங்களிலும் டிவி என்றால் பக்கத்தில் ஒரு கார் பேட்டரி உட்கார்ந்திருக்கும். கார் இல்லாத வீட்டில் கார் பேட்டரி.

லயத்தில் மின்சாரமே இல்லையா என்றால், இருந்தது. அதுதான் வேடிக்கை. தோட்டத்துத் தொழிற்சாலையில் டீசல் இஞ்சின் ஓடும். ரப்பர் ஷீட்டை அழுத்தும் உருளைகளைச் சுற்றுவது அதன் முதல் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் லயத்துக்கும் கொஞ்சம் விடுவார்கள். வீட்டுக்கு ஒரு பல்பு. பத்து மணிக்கு இஞ்சின் நிற்கும், லயம் இருண்டுவிடும். அந்த ஒற்றைப் பல்பு வயரில் வேறு எதையும் சொருகக்கூடாது. சொருகினால் எல்லார் வீட்டு வெளிச்சமும் மங்கும், மண்டோர் வந்து நிற்பார். ஆக வெளிச்சம் தோட்டத்துடையது, டிவி தாத்தாவுடையது. இரண்டையும் கலக்க வழியில்லை.

பேட்டரியைச் சார்ஜ் பண்ணுவது அப்பா வேலை. பன்னிரண்டு வயது. பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாத பெட்டியைச் சைக்கிள் கேரியரில் பழைய டியூப்பால் கட்டி, ஏழு மைல் மிதித்து, சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு சீனர் கடையில் போடுவார். கடைக்காரர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, உள்ளே மிதவை இருக்கும் ஒரு கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பார். மிதவை மேலே நின்றால் சார்ஜ் இருக்கிறது, தாழ்ந்தால் இல்லை. மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளணும். கூலி ஒரு வெள்ளி என்று நினைவு. வழியில் சாய்ந்து ஆசிட் சிந்தினால் அன்றைக்குத் தெரியாது. துவைக்கும்போது பள்ளிக்கூடக் கால்சட்டையில் ஓட்டை ஓட்டையாக வரும். அதற்குப் பாட்டியிடம் வாங்கின அடியைப் பற்றித்தான் அப்பா நிறையப் பேசினார்.

நான் இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அளவு டிவி சுமார் 15 வாட், அதாவது ஒன்றேகால் ஆம்பியர். ராத்திரிக்கு மூன்று மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் உள்ளே ஈயத் தகடுகள் சீக்கிரம் கெடும். அப்படியென்றால் ஐந்து இரவு. தாத்தாவும் அதைத்தான் செய்திருக்கிறார். வாரநாளில் செய்தியோடு நிறுத்திவிடுவார், தமிழ்ப்படம் போடும் நாளைக்கு மிச்சம் பிடிப்பார். அன்றைக்கு வீட்டுக்குள் இடம் போதாமல் சன்னலுக்கு வெளியேயும் ஆட்கள் நிற்பார்கள். பேட்டரி இறங்க இறங்க திரையின் நான்கு ஓரத்திலும் கறுப்பு ஏறும், படம் நடுவில் சுருங்கும். சினிமா உச்சத்தில் இருக்கும்போது அப்படி ஆனால் சன்னலிலிருந்து சத்தம் வரும், "அஞ்சு நிமிசம்தான்ணே, ஓடட்டும்ணே." தாத்தா அடைத்துவிடுவார். அவருக்கு வோல்ட் மீட்டர் கிடையாது. படத்தின் அகலம்தான் மீட்டர். என் கேமராவில் நான் வைக்க மறந்த 'கட்' அவர் கையில் இருந்தது.

எனக்கு இதில் ஒரு கேள்வி உறுத்தியது. பேராக் ஒன்றும் மின்சாரம் தாமதமாக வந்த மாநிலம் அல்ல. பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பிறகு ஏன் 1978-லும் ஒரு பையன் கரண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது?

இந்த நாட்டில் மின்சாரக் கதையை ரவாங்கில் தொடங்குவது வழக்கம். 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின் ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படலாம், நானும் பட்டேன். ஆனால் அந்த மின்சாரத்தின் வேலை சுரங்கத்துத் தண்ணீரை இறைப்பது. முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட்டது. மின்சாரம் ஈயத்தைத் தேடி வந்தது.

பேராக்கில் அது இன்னும் பெரிதாக நடந்தது. 1926-இல் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் லண்டனில் பதிவானது. அது கட்டிய இரண்டு நிலையங்களில் ஒன்று கம்பார் பக்கம் மாலிம் நாவாரில் நீராவியில் ஓடியது. மற்றது கோலகங்சாருக்கு மேலே பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய செண்டேரோ அணை. 1930 வாக்கில் அணை வேலைக்கு வந்துவிட்டது. முப்பதுகளுக்கு முன்னால் நம் தாத்தாக்களின் ஊர்களில், இந்தியாவில், எத்தனை கிராமம் மின் கம்பியைப் பார்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே காட்டைக் கிழித்துக்கொண்டு உயர் அழுத்தக் கம்பி தெற்கே இறங்கியது. போய்ச் சேர்ந்த இடம் கிந்தா பள்ளத்தாக்கு. அங்கே ஈயக் கப்பல்கள் காத்திருந்தன.

ஈயக் கப்பலை நேரில் பார்க்காதவர்கள் பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகிற வழியில் நிற்கும் டிடி5-ஐப் போய்ப் பார்க்கலாம். 1938-இல் கட்டியது, 4500 டன் எடை. தன் குட்டையைத் தானே தோண்டி, அதிலேயே மிதந்து, மண்ணை வாரி வாரி உள்ளே போட்டு ஈயத்தைப் பிரிக்கும் ஓர் இரும்பு வீடு. நான் போனபோது வழிகாட்டி வாளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கேபிள் எந்தப் பக்கம் உள்ளே வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அத்தனை வாளியையும் இரவு பகலாகச் சுற்ற எவ்வளவு சக்தி வேணும்! அதற்குத்தான் ஆற்றையே மறித்தார்கள். அப்புறம் ஈப்போ போன்ற பட்டணங்களுக்கும் வெளிச்சம் கிடைத்தது. தோட்டத்து லயம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ரப்பர் மரத்துக்குக் கரண்ட் தேவையில்லை. ஒரு கத்தி, ஒரு மங்கு, விடியுமுன் நெற்றியில் ஒரு விளக்கு, இதில் பால் வந்துவிடும். அந்த நெற்றி விளக்கும் ரொம்பக் காலத்துக்குக் கார்பைடுதான்.

இந்த நிறுவனத்தின் ஆயுளும் ஆச்சரியமானது. 1949-இல் மத்திய மின்சார வாரியம் வந்தது, 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது (எல்.எல்.என். என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான்). பேராக்கின் மின்சாரம் மட்டும் எண்பதுகளின் தொடக்கம் வரை பழைய நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. ஈயத்தின் விலை சரிந்து கப்பல்கள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கிய நேரத்தில்தான் வாரியம் அதை எடுத்துக்கொண்டது. அப்பா சைக்கிள் மிதித்த வருடங்களில் தோட்டத்து எல்லையில் மின் கோபுரங்கள் நின்றன என்று சொல்கிறார். மழைக்கு முன்னால் கம்பியிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்குமாம். அதற்கடியில் மாடு மேயும், அதற்கடியில்தான் பேட்டரியும் போகும்.

தோட்ட மக்களின் இடத்துக்கு வெளிச்சம் வேறொரு வழியிலும் வந்தது. 1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட் அருகே இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. காட்டோரம் சிதறிக்கிடந்த சீனக் குடியிருப்புகளைப் புதுக்கிராமங்களாகச் சேர்த்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தோட்டத்து லயங்களையும் அப்படிப் பெயர்த்து ஒரே இடத்தில் குவித்து முள்வேலி போட்டார்கள் என்பது நம் ஆட்களே அதிகம் பேசாத விஷயம். தாத்தாவுக்கு அப்போது பத்து வயதுகூட இல்லை. புதுக்கிராமங்கள் சிலவற்றில் வேலியைச் சுற்றி விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். வெளிச்சம் வீட்டுக்கு அல்ல, வேலிக்கு. யார் நெருங்குகிறார், யார் சோற்றுப் பொட்டலத்தோடு வெளியே போகிறார் என்று பார்க்க. வீட்டுக்குள்ளே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வெளியே கம்பத்தில் மின்விளக்கு. பார்க்கிறவனுக்குத்தான் முதலில் கரண்ட் கிடைக்கும் போலிருக்கிறது. டேஷ்கேம் பெட்டியைப் பிரித்தபோது இது என் மனதில் ஓடியது என்று சொன்னால் பொய். எழுதும்போதுதான் தோன்றுகிறது.

சட்டம் மெதுவாக வந்தது. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி 1966-இல் ஒரு சட்டம், அதற்குப் பதிலாக 1990-இல் இன்னொன்று. இரண்டாவது சட்டம் குழாய்த் தண்ணீரையும் போதுமான மின்சாரத்தையும் முதலாளியின் கடமை என்று வெளிப்படையாகச் சொன்னது. அதே 1990-இல்தான் எல்.எல்.என்., தெனாகா நேஷனல் ஆனது. அப்பாவின் லயத்துக்கு மீட்டர் வந்தது அதற்குச் சில வருடம் முன்னால். பாட்டி முதலில் வாங்கியது டிவி அல்ல, ஐஸ் பெட்டி. தாத்தா பேட்டரியைத் தூக்கிப்போடவில்லை. மேசைக்கடியில் வைத்து மாதமொருமுறை தண்ணீர் ஊற்றி வந்தார். 1996 ஆகஸ்டு 3 அன்று தீபகற்பம் முழுக்க மின்சாரம் நின்றுபோனது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அன்று எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில் வெளிச்சம் இருந்தது என்று அப்பா சொல்வார். மிகைப்படுத்துகிறாரோ என்னவோ. ஒரு சிக்னல் பல்பு, இரண்டு வயர், மேசைக்கடியிலிருந்து அந்தப் பெட்டி.

சில வருடத்திலேயே தோட்டம் கைமாறியது. பால்மரம் விழுந்தது, செம்பனை வந்தது. வேலை இல்லாதவர்களுக்கு லயமும் இல்லை என்றார்கள். நஷ்டஈடு போதாது என்று கொஞ்சம் குடும்பங்கள் கிளம்பாமல் இருந்தன, எங்கள் குடும்பமும். முதலில் போனது கரண்ட். அதற்கப்புறம் தண்ணீர். இது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் நடந்த கதை இல்லை. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்களிடம் பேசிப் பாருங்கள், இதே வரிசையில் சொல்வார்கள். கடமை என்று சட்டத்தில் எழுதியதை ஒரு பியூஸைப் பிடுங்கி இல்லாமலாக்க முடிந்தது. எனக்கு அப்போது இரண்டு வயது. மூன்று மாதம் அந்தப் பேட்டரியில்தான் ராத்திரி வெளிச்சம் என்கிறார் அம்மா. அப்புறம் புந்தோங்.

இந்தக் கதையெல்லாம் கேட்ட பிறகு அடுத்த சனிக்கிழமை மறுபடி வேலையை ஆரம்பித்தேன். இந்தத் தடவை வெட்டு வசதி உள்ள கிட் வாங்கினேன். மூன்று வயர். மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வரும் இடத்துக்கு, கருப்பு காரின் உடம்புக்கு. சிவப்பில் மின்சாரம் இருக்கும்வரை கேமரா வண்டி ஓடுகிறது என்று நினைக்கும். அது போனதும் மஞ்சளுக்கு மாறி, வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே காவலிருக்கும்.

அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார். பட்டணத்துக்கு வந்ததும் அவர் முதலில் வேலை பார்த்தது ஒரு லோரிப் பட்டறையில்.

"மைனஸ மொதல்ல கழட்டு."

"வெறும் பியூஸ்தானேப்பா."

"கழட்டுன்னா கழட்டு."

சரிதான். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டால் நேர் ஷார்ட், கையில் மோதிரம் இருந்தால் விரல் வெந்துபோகும். மைனஸ் போன பிறகு எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. வீட்டு வயரில் கைவைக்க இந்த நாட்டில் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன்தான் வேணும். பொறியியல் பட்டம் இருந்தாலும் நான் அதைத் தொடக்கூடாது. காரின் 12 வோல்ட் அப்படியில்லை. சோம்பேறித்தனம் பண்ணாதவரை அதை யாரும் தொடலாம், கடையில் கொடுத்துச் செய்தாலும் இதே வேலைதான்.

எந்தப் பியூஸ் எது என்று பார்க்க மட்டும் மைனஸை மறுபடி மாட்டினோம். ஓட்டுநர் கால் பக்கத்துப் பெட்டியைத் திறந்து மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஒரு போல்டில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு பியூஸ் தலையையும் தொட்டுக்கொண்டே போனேன். சாவி இல்லாமலே 12.5 காட்டினால் மஞ்சளுக்கு. சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டினால் சிவப்புக்கு. உள்விளக்கின் பியூஸையும் சிகரெட் லைட்டரின் பியூஸையும் தேர்ந்தெடுத்தோம். ஏர்பேக், பிரேக் பக்கம் போகவில்லை. பியூஸ் இருந்த இடத்தில் சொருகுவதற்கு ஒரு கிளை சொருகி வரும். பழைய பியூஸும் புதியதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். அதைத் தலைகீழாகச் சொருகினால் கேமராவின் மின்சாரம் இரண்டு பியூஸ் வழியாகவும் போய்ப் பழையதற்குச் சுமை கூடும். நான் முதலில் தலைகீழாகத்தான் சொருகினேன். கருப்புக்கு மட்டும் கொஞ்ச நேரமானது. அகப்பட்ட போல்டுகளில் ஒன்று பெயிண்டின் மேல் இருந்தது, இன்னொன்று வெறும் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா கீழே கை விட்டு, கண்ணால் பார்க்காமலே, இரும்பில் நேராக முறுக்கியிருந்த ஒன்றைக் காட்டினார்.

கடைசியில் வெட்டு அளவு. மூன்று தேர்வு: 11.8, 12.0, 12.2. ஈய பேட்டரி ஓய்வில் 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8 என்றால் காலி மாதிரிதான். நான் 12.0 போடலாம் என்றேன், பதிவு நேரம் கூடக் கிடைக்கும். அப்பா யோசிக்கவே இல்லை. "பாதியில நிறுத்து." 12.2.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் பூசை. அப்பாவும் நானும் போனோம். லோரி இடித்த அந்த முனையில் அப்பா காரை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, கேமராவையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பினார். கோயிலுக்கு இன்றும் மின் இணைப்பு கிடையாது. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர்தான். அது ஒன்பதே முக்காலுக்கு டீசல் இல்லாமல் நின்றது. படையல் பாதியில் இருந்தது. பழைய ஆட்கள் யாரும் பதறவில்லை, "பத்து மணிக்கு முன்னாலயே அடச்சிட்டாங்கடா" என்று ஒருவர் இருட்டிலிருந்து சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பா காரின் முன்மூடியைத் தூக்கினார். பூட்டிலிருந்து ஒரு பழைய ஹெட்லைட் பல்பையும் கிளிப் வைத்த வயரையும் எடுத்தார். அது அங்கே இருப்பது எனக்கே தெரியாது.

மறுநாள் கார்டை எடுத்துக் கணினியில் போட்டுப் பார்த்தேன். முனையில் நின்று திரும்பியது தெளிவாக இருக்கிறது, நேரம், வேகம் எல்லாம். கோயில் வாசல், புகை, குறுக்கே ஓடும் பிள்ளைகள். ஜெனரேட்டர் நின்றதும் திரை கறுப்பு, குரல் மட்டும். 9:58-க்கு இடது ஓரத்திலிருந்து வெளிச்சம் வந்து முனியாண்டியின் மீசையில் விழுகிறது. ஐம்பத்தைந்து வாட் பல்பு. 10:14-க்குப் பதிவு நிற்கிறது. வோல்ட் 12.2-க்கு இறங்கியிருக்க வேண்டும், சொன்னபடி கேமரா தன்னை அடைத்துக்கொண்டது. அப்பா பல்பை அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் எரியவிட்டார். கார் கிளம்பியது.